ஈபப் தரநிலையை நம்பி நூல்களை ஒப்படைக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாக மீண்டும் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் நடத்துகிறீர்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் காலத்திலிருந்து சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை மின்னூலாக்கித் தர ஒரு நிறுவனம் முன்வந்து, எல்லாவற்றையும் ஈபப் 3 என்ற மின்னூல் கோப்பு வடிவில் தருவதாகச் சொல்லியிருக்கிறது. இந்த வடிவம் யாருக்குச் சொந்தம், நாளை அவர்கள் விதியை மாற்றினால் இன்று செலவழித்துச் செய்த கோப்புகள் என்ன ஆகும், தமிழுக்காக அங்கே யாராவது பேசுகிறார்களா, இத்தனை தொல்லைக்குப் பதில் கையில் இருக்கும் பிடிஎஃப் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: இத்தனை ஆண்டு உழைப்பை இந்தத் தரநிலையை நம்பி ஒப்படைக்கலாமா? தமிழ் நூல்களை ஈபப் ஆக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன், அத்தரநிலையின் வரைவுகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் என் பதில், நம்பலாம் என்பதே. ஆனால் அது எதைக் காப்பாற்றித் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். உங்கள் நூல்களுக்கு உள்ள பெரிய ஆபத்து தரநிலையின் பக்கத்திலிருந்து வரப்போவதில்லை என்பதையும் விளக்க முயல்கிறேன்.

ஈபப் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமன்று. அதன் முன்னோடி 1999இல் ஓப்பன் ஈபுக் என்ற பெயரில் வெளிவந்தது. அதை உருவாக்கிய அமைப்பு பின்னர் ஐடிபிஎஃப் என்று பெயர் மாறி, 2007இல் ஈபப் 2ஐயும் 2011இல் ஈபப் 3ஐயும் வெளியிட்டது. 2017 ஜனவரி இறுதியில் அந்த அமைப்பு, வலையின் அடிப்படைத் தரநிலைகள் பலவற்றை வகுக்கும் டபிள்யூ3சியோடு இணைந்தது. அதுமுதல் ஈபப் அங்கேதான் பராமரிக்கப்படுகிறது. அதன் 3.3 பதிப்பு 2023 மே 25 அன்று டபிள்யூ3சியின் முறையான பரிந்துரையாக, அதாவது இறுதி செய்யப்பட்ட தரநிலையாக, வெளியானது. தரநிலையின் விதிகளை வகுக்கும் ஆவணமான விவரக்குறிப்பு முழுவதையும் யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அதன்படி கோப்பு உருவாக்கவோ வாசிப்புச் செயலி எழுதவோ டபிள்யூ3சியிடம் உரிமம் வாங்க வேண்டியதில்லை. பணிக்குழுவில் பங்கேற்கும் நிறுவனங்கள், தரநிலையைச் செயல்படுத்தத் தவிர்க்க முடியாத காப்புரிமைகள் ஏதும் தங்களிடம் இருந்தால் அவற்றை உரிமத்தொகை இன்றி வழங்க ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகின்றன. திறந்த தரநிலை என்று பேசும்போது பலரும் கவனிக்கத் தவறுவது இந்தக் கடைசிக் கூற்றைத்தான். இது இல்லாவிட்டால், விவரக்குறிப்பு இலவசமாகக் கிடைத்தும் பயனில்லை. என்றோ ஒருநாள் ஒருவர் வழக்குத் தொடுத்து அனைவரையும் நிறுத்திவிட முடியும்.

விதியை யார் மாற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு மாற்றம் வேண்டும் என்றால் அது முதலில், மென்பொருள் பணிகளைப் பலர் சேர்ந்து செய்யும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஒரு பிரச்சினைக் குறிப்பாகப் பதிவாகிறது. அதை உறுப்பினர் மட்டுமல்லாமல், கணக்கு வைத்திருக்கும் யாரும் எழுதலாம். பணிக்குழு அதை விவாதித்து, இணக்கம் ஏற்பட்டால் வரைவில் சேர்க்கிறது. கூட்டக் குறிப்புகள் பொதுவில் வெளியாகின்றன. வரைவு ஓரளவு முதிர்ந்ததும் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது), பன்மொழி ஆதரவு, தனியுரிமை, பாதுகாப்பு ஆகிய நான்கு கோணங்களிலிருந்தும் பணிக்குழுவுக்கு வெளியே உள்ள வல்லுநர்கள் அதைப் படித்துக் குறை சொல்கிறார்கள். அதன் பிறகுதான் கடினமான கட்டம் வருகிறது: விவரக்குறிப்பில் எழுதப்பட்ட ஒவ்வொரு வசதியையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு செயலிகளாவது உண்மையிலேயே செய்து காட்ட வேண்டும். 3.3 பதிப்புக்காக இதற்கென்றே ஒரு சோதனைக் கோப்புத் தொகுப்பு உருவாக்கப்பட்டது. அதுவும் பொதுவில் இருக்கிறது. பயன்பாட்டுக்கே வராத சில பழைய வசதிகள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றை நீக்கிவிடாமல், இவற்றுக்குச் செயலிகளின் ஆதரவு போதவில்லை என்ற எச்சரிக்கைக் குறிப்போடு வைத்திருக்கிறார்கள். நீக்கினால் அவற்றைப் பயன்படுத்திய பழைய நூல் ஒன்று செல்லாததாகிவிடும் என்பதே காரணம்.

இந்த நிதானம் தானாக வந்துவிடவில்லை. 2017 ஜனவரியில் வந்த ஈபப் 3.1, பல பழைய கூறுகளைக் களைந்து விவரக்குறிப்பை எளிமையாக்க முயன்றது. கோப்புக்குள் பதிப்பு எண்ணைக் குறிக்கும் இடத்தில் 3.0 என்பதற்குப் பதில் 3.1 என்று எழுதச் சொன்னது. கணினியாளர் பார்வையில் அது நல்ல வேலைதான். ஆனால் பதிப்பகங்களின் கிடங்குகளில் ஏற்கெனவே பெரும் எண்ணிக்கையில் 3.0 கோப்புகள் இருந்தன. கடைகளும் கருவிகளும் அவற்றுக்கேற்ப அமைந்திருந்தன. ஒரே நூலுக்கு இரண்டு விதமான கோப்பு வைத்துப் பராமரிக்க யாரும் முன்வரவில்லை. 2019இல் வந்த 3.2, அந்த முயற்சியைத் திரும்பப் பெற்று, பழைய 3.0 கோப்புகளோடு இணக்கத்தை மீட்டது. இன்றும் 3.3 விதிப்படி உருவாகும் கோப்பில் பதிப்பு எண் 3.0 என்றுதான் எழுதப்படுகிறது. இதே காலத்தில் இன்னொரு பெரிய கனவும் இருந்தது: மின்னூலைத் தனிக் கோப்பாக வைக்காமல், உலாவியே நேராகத் திறக்கும் வலைப் பதிப்பாக மாற்றிவிட வேண்டும் என்பது. அதைச் செயல்படுத்த உலாவி நிறுவனங்களிடம் ஆர்வம் எழவில்லை. அந்தப் பணியிலிருந்து ஒலிநூல்களுக்கான தரநிலை ஒன்று 2020 நவம்பரில் பரிந்துரையாக வெளிவந்தது. மற்றபடி பணிக்குழு ஈபப்பையே செம்மைப்படுத்தும் வேலைக்குத் திரும்பியது. 2023க்குப் பிறகு அப்பொறுப்பை ஏற்ற குழுவின் பெயரிலேயே பராமரிப்பு என்ற சொல் இருக்கிறது. இவற்றை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நாளை விதியை மாற்றினால் என்ன ஆகும் என்ற உங்கள் அச்சத்துக்கு இதைவிட நேரான பதில் கிடையாது என்பதுதான். ஒருமுறை மாற்றிப் பார்த்தார்கள். உங்களைப் போன்ற பதிப்பாளர்கள் பின்தொடரவில்லை. அவர்கள்தான் திரும்பி வந்தார்கள்.

இனி கோப்புக்குள் பார்ப்போம். உங்களிடம் ஏதாவது ஓர் ஈபப் இருந்தால், அதன் படி ஒன்றை எடுத்துப் பெயரின் கடைசியில் உள்ள ஈபப் என்பதை அழித்து ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். பூட்டுப் போடாத கோப்பு என்றால் சாதாரணக் கோப்புறைபோல விரியும். முதலில் மைம்டைப் என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். அதற்குள் இருப்பது 20 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரே வரி, இது ஈபப் என்று அறிவிப்பது. மற்றக் கோப்புகளைச் சுருக்கி அடைக்கலாம். இதை மட்டும் சுருக்கக் கூடாது, இதுவே முதலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஜிப் அமைப்பில் முதல் கோப்பின் தலைப்புப் பகுதிக்கு 30 பைட்டுகளும் அதன் பெயருக்கு 8 பைட்டுகளும் போக, 38ஆவது இடத்தில் இந்த வரி அப்படியே படிக்கும்படி நிற்கும். எனவே எந்தக் கருவியும் கோப்பை விரிக்காமலேயே அதன் வகையை அடையாளம் காண முடிகிறது. கையால் திருத்திவிட்டு வழக்கமான ஜிப் கருவியால் மீண்டும் அடைக்கும் எங்கள் தொழிலில் புதியவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். அடுத்து, நூலின் பெயர், மொழி, அடையாள எண் முதலிய மீத்தரவும், உள்ளே இருக்கும் கோப்புகளின் முழுப் பட்டியலும், அவற்றைப் படிக்க வேண்டிய வரிசையும் கொண்ட ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். பொருளடக்கத்துக்கு ஒரு கோப்பு. மீதி எல்லாம் ஒவ்வோர் இயலுக்கும் ஓர் எச்டிஎம்எல் பக்கம், தோற்றத்துக்குச் சிஎஸ்எஸ், படங்கள், எழுத்துருக்கள். ஆக, வலைப்பக்கம் எதனால் ஆனதோ அதனால்தான் ஈபப்பும் ஆகியிருக்கிறது.

இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஈபப் என்ற பெயரே ஒருநாள் வழக்கொழிந்தாலும், விதிப்படி செய்யப்பட்ட, பூட்டு இல்லாத கோப்பிலிருந்து உங்கள் நூலின் முழுப் பனுவலையும், இயல் பகுப்பையும், அடிக்குறிப்பு இணைப்புகளையும் மீட்டெடுக்கச் சாதாரணக் கருவிகளே போதும். உரைநடை நூல்களைப் பொறுத்தவரை இதில் எனக்கு ஐயமே இல்லை. நிலையான பக்க அமைப்போடு செய்த சிறுவர் படநூல்கள், உள்ளே நிரல் எழுதி இயங்கவைத்த பயிற்சிநூல்கள், ஒலியும் எழுத்தும் ஒத்திசைந்து ஓடும் நூல்கள் ஆகியவற்றுக்கு அதே உறுதியைத் தர மாட்டேன். அவை விவரக்குறிப்பில் இருக்கின்றன; ஆனால் வாசிப்புச் செயலிகளின் ஆதரவு இன்றே சீராக இல்லாதபோது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பது வெறும் கணிப்பாகவே இருக்கும். கடைகள் போடும் நகல் தடுப்புப் பூட்டும் இதில் சேரும். ஈபப் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அதைத் திறக்கும் சாவி கடையின் கையில் இருக்கிறது. அது விற்பனைப் படிக்கு உரியது. உங்கள் மூலப் படியில் ஒருபோதும் இருக்கக் கூடாது. கிண்டில் பற்றியும் உங்களுக்குக் கேள்வி எழலாம். அமேசான் தனக்கென வேறு வடிவம் வைத்திருந்தாலும், பதிப்பாளர் தரும் ஈபப்பை ஏற்று அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆகவே அதற்காக இன்னொரு மூலக் கோப்பு தேவையில்லை.

தமிழ் மின்பதிப்பில் இருப்பவர்களுக்கு, பராமரிக்கப்படாத தரநிலை என்ன செய்யும் என்பது பட்டறிந்த செய்தி. 1990களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகக் குறிக்கும் முறை, வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் தமிழக அரசின் தரநிலைகளாயின. விசைப்பலகை இன்றும் வாழ்கிறது. குறியாக்கங்களோ, உலகின் இயங்குதளங்களும் உலாவிகளும் உலகப் பொதுக் குறியாக்கமான ஒருங்குறிக்கு (யூனிகோட்) நகர்ந்தபோது தனித்து நின்றன. 2010இல் அரசே ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்றது. டாம் திறமையற்றவர்கள் செய்த வேலை என்று நான் சொல்லவில்லை. அன்றைய கணினிகளின் வரம்புக்குள் அது தேவைப்பட்டது. ஆனால் அதைச் செயல்படுத்தி, சோதித்து, பிறரோடு பொருத்தி, ஆண்டுதோறும் காப்பாற்றும் அமைப்பு பின்னால் இல்லாததால் அதில் தட்டச்சான நூல்கள் எல்லாம் இன்று மாற்றிக்காக, அதாவது பழைய குறியாக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றும் நிரலுக்காக, வரிசையில் நிற்கின்றன. உங்கள் பேஜ்மேக்கர் கோப்புகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன என்று ஊகிக்கிறேன்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன ஆபத்து இருக்கிறது. ஈபப்செக் என்று ஓர் இலவசக் கருவி உண்டு. கோப்பு விதிப்படி இருக்கிறதா என்று அது வரிவரியாகச் சோதிக்கும். மாற்றித் தரும் நிறுவனங்கள், பிழை எதுவும் இல்லை என்ற அதன் அறிக்கையைச் சான்றிதழ்போல நீட்டுவார்கள். ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பனுவலை அப்படியே உள்ளே வைத்து, அந்த எழுத்துருவையும் சேர்த்து அடைத்துக் கொடுத்தாலும் ஈபப்செக் ஒரு குறையும் சொல்லாது. திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தேடினால் கிடைக்காது, வாசகர் எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலக் குப்பை தெரியும், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் ஒப்பிக்கும். தரநிலையால் இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் அதன் கண்ணுக்கு அது முறையான எழுத்துத்தொடர். எழுத்துக்கு எழுத்து ஒருங்குறியில் மாற்றி, மாற்றியதை மனிதர் ஒருவர் படித்துத் திருத்துவது மட்டுமே வழி.

மாற்றிகளும் பிழை செய்கின்றன. மிகவும் அடிக்கடி பார்ப்பது ஔகாரக் குறி. 'கௌரி' என்பதில் வரும் குறியின் வலப்பக்கம் ளகரம்போலவே இருப்பதால், பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியே தட்டும் பழக்கம் இருந்தது. மாற்றி அதை 'கெளரி' என்று ஆக்கிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டாவது, எகரக் குறில் சேர்ந்த ககரமும் அதையடுத்து ஒரு தனி ளகரமும். நூலுக்குள் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தேடும் வாசகருக்குப் பாதி இடங்கள் கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம். எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு, துணைக்காலுக்குப் பதில் ரகரம் என்று இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. ஒகரக் குறியின் கதை சற்று வேறு. அதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம்; இரண்டும் சமம் என்று ஒருங்குறியே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் சமத்துவத்தை எல்லாத் தேடல் நிரல்களும் மதிப்பதில்லை. ஆகவே நூல் முழுவதையும் ஒரே முறைக்குக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நிரல் தெரிந்தவருக்கு அது சில நொடி வேலை.

பிடிஎஃப் போதாதா என்றால், அச்சிட்ட பக்கத்தின் உருவத்தைக் காப்பதற்குப் போதும். அதற்கு அது மிக நல்ல வடிவம். 2008இல் அதுவும் ஐஎஸ்ஓ தரநிலையாகிவிட்டது. ஆவணக் காப்புக்கென்றே 2005இல் வந்த ஒரு தனி வகையும் உண்டு. அச்சுக்குப் போன பிடிஎஃப்பைக் கட்டாயம் பாதுகாத்து வையுங்கள். ஆனால் அது நூலின் மூலமாக இருக்கத் தகுதியற்றது. கைப்பேசியில் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும் என்பது தெரிந்த குறை. தெரியாத குறை இது: பிடிஎஃப் எழுத்துகளைப் பெரும்பாலும் திரையில் வரையும் வரிசையில் வைத்திருக்கிறது. தமிழில் கொம்பு இடப்பக்கம் வருவதால் 'கொடி' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் 'ெகாடி' என்று வந்து விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கவனமாகக் குறியிட்டு உருவாக்கினால் இதைத் தவிர்க்கலாம். நம் ஊர் டிடிபி நிலையங்களில் அப்படி உருவாக்கப்பட்ட தமிழ்ப் பிடிஎஃப் என் கைக்கு அரிதாகவே வந்திருக்கிறது.

தமிழுக்காக யாராவது பேசுகிறார்களா என்ற கேள்வி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எழுத்துகளைப் பொறுத்தவரை ஈபப் ஒருங்குறியைச் சார்ந்திருக்கிறது. தமிழ் அதில் 1991இன் முதல் பதிப்பிலிருந்தே உண்டு. பக்க அமைப்பைப் பொறுத்தவரை எச்டிஎம்எல்லையும் சிஎஸ்எஸ்ஸையும் சார்ந்திருக்கிறது. எனவே தமிழ் மின்னூலில் காணும் குறை பலவற்றுக்கு ஈபப் விவரக்குறிப்பில் மருந்து கிடையாது. எடுத்துக்காட்டாக வரி முறிவைச் சொல்லலாம். நம் சொற்கள் ஒட்டிப் புணர்ந்து நீள்பவை. இருபுறமும் சீராக நிரவச் சொன்னால், கைப்பேசித் திரையில் ஒரு வரிக்கு இரண்டு சொற்களும் நடுவே பெரிய ஓட்டையுமாக நிற்கும். அச்சில் நாம் சொல்லை வரியிறுதியில் வெட்டுவோம். வெட்டிய இடத்தில் ஆங்கிலம்போல் இணைப்புக்கோடு போடுவது நம் செய்தித்தாள்களில் வழக்கமில்லை. இதைச் செய்யச் சிஎஸ்எஸ்ஸில் வழிகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் எந்தச் செயலி எதைக் கேட்கும் என்பது இன்னும் சீராக இல்லை. ஆகவே இப்போதைக்கு, தமிழ் உரைநடையை இடப்புறம் மட்டும் ஒட்டி விடுவதே என் பரிந்துரை. எழுத்துருவிலும் இப்படி ஒன்று உண்டு. கோப்பின் அளவைக் குறைக்க, நூலில் வரும் எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்துருவை வெட்டும் கருவிகள், உயிர்மெய் வடிவங்களை இணைக்கும் உள்அட்டவணையையும் சேர்த்து வெட்டிவிடுவதுண்டு. அப்போது 'கு', 'ஸ்ரீ' போன்றவை உடைந்து துண்டாகத் தெரியும். இதுவும் ஈபப்செக்கில் சிக்காது. நோட்டோ தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை முழுமையாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. உரிமத் தொல்லையும் இராது.

இந்தக் குறைகளைப் பதிவு செய்வதற்கான இடம் டபிள்யூ3சியின் பன்மொழிப் பிரிவில் இருக்கிறது. இந்திய மொழிகளின் பக்க அமைப்புத் தேவைகள் பற்றி ஓர் ஆவணம் உண்டு. வலையிலும் மின்னூலிலும் தமிழ் எழுத்துக்கு இன்னும் எது சரியாக நடக்கவில்லை என்று பட்டியலிடும் ஆவணமும் தனியே உண்டு. இவற்றில் இடம்பெற உறுப்பினர் கட்டணம் தேவையில்லை. நிறுவன உறுப்பினர் ஆவதற்குத்தான் கட்டணம். பொதுச் சமூகக் குழுக்களில் தனிநபர் இலவசமாகச் சேரலாம். ஆனால் நம் பக்கத்திலிருந்து வரும் குரல் மிகக் குறைவு என்பது என் கணிப்பு. சென்னையில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, புத்தகக் காட்சியை நிறைக்கும் அளவுக்குப் பதிப்பகங்கள் இருக்கின்றன. ஆனாலும் 'என் செயலியில் தமிழ் சரியாக வரவில்லை' என்ற வருத்தம் நமக்குள் பேசிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. பணிக்குழுவுக்கு வேண்டியது வருத்தமன்று. ஒரே ஒரு பத்தி கொண்ட சோதனைக் கோப்பு, எந்தச் செயலியின் எந்தப் பதிப்பில் திறந்தீர்கள் என்ற விவரம், வந்த தோற்றத்தின் படம், வர வேண்டிய தோற்றத்துக்கு அச்சு நூலிலிருந்து ஒரு படம், இவ்வளவுதான். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு பொறியாளர் இரண்டு படங்களையும் பார்த்து வேறுபாட்டைக் கண்டுகொள்ள வேண்டும். அப்படி எழுதிய குறிப்பு பல மாதம் கழித்தாவது கவனிக்கப்படும். வெறும் முறையீடு கவனிக்கப்படாது. உங்களைப் போல அச்சு நூலும் மின்னூலும் ஒருசேரக் கையில் உள்ளவர்கள் எழுதினால் அதன் எடையே வேறு.

அணுகல்தன்மை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். பார்வையற்றோருக்கான நூல்களை வகுத்த டெய்சி கூட்டமைப்பு 1996 முதல் இயங்குகிறது. ஈபப் 3 உருவானபோது அதன் அனுபவம் நேராக உள்ளே வந்தது. ஈபப்புக்கான அணுகல்தன்மை விதிகள் தனித் தரநிலையாகவே உள்ளன. பார்வையற்றோர் நூல் பெறும் உரிமைக்கான மராக்கேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். இருந்தும் நம் மின்னூல்களில் நூலின் மொழி ஆங்கிலம் என்று மீத்தரவில் பதிவாகியிருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கருவி தானாக இட்டதை யாரும் மாற்றுவதில்லை. திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலைத் தேர்ந்தெடுத்துவிடலாம். அக்குரலுக்குத் தமிழெழுத்து தெரியாது என்றால் மௌனமாகத் தாண்டிச் செல்லும். ஒரே ஒரு சொல்லைத் திருத்தினால் ஒருவருக்கு முழு நூலும் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாசகர்களுக்கு விற்கும் மின்னூல்களுக்கு 2025 ஜூன் 28 முதல் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும், வரவும் சிறிதாக உள்ள சேவை நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். சட்டம் என் துறையன்று.

ஆகவே அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது, ஈபப் 3 என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். பனுவல் முழுவதும் ஒருங்குறியில் இருக்க வேண்டும். பூட்டு இல்லாத மூலப் படி உங்களிடம் வர வேண்டும். அதில் சேர்க்கும் எழுத்துருக்களுக்கு உரிமம் இருக்க வேண்டும். மொழி தமிழ் என்று குறிக்கப்பட வேண்டும். தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாக இல்லாமல் தலைப்பாகவே குறியிடப்பட வேண்டும். அச்சு நூலின் பக்க எண்கள் உள்ளே பதிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் வீண் என்று விட்டுவிடுகிறார்கள். மேற்கோள் காட்டும் ஆய்வு மாணவருக்கும், அச்சு நூலோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பார்வையற்ற மாணவருக்கும் அது இல்லாமல் நூல் பயன்படாது. ஈபப்செக் அறிக்கையோடு, டெய்சியின் ஏஸ் என்ற அணுகல்தன்மைச் சோதனைக் கருவியின் அறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் இலவசக் கருவிகள் என்பதால் மறுக்கக் காரணம் இல்லை. கன்னிமாரா நூலகத்துக்கு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி ஒரு படி அனுப்புகிறீர்கள் அல்லவா, அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் அச்சு நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மின்னூலுக்கு நீங்களேதான் காப்பகம். இரண்டு வேறு இடங்களில் படி வைத்திருங்கள்.

நூற்றுக்கு மேற்பட்ட நூல்களையும் ஒரே மூச்சில் கொடுக்க வேண்டாம். உரைநடை நாவல் ஒன்று, வரி அமைப்பு முக்கியமான கவிதைத் தொகுப்பு ஒன்று, அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைந்த ஆய்வு நூல் ஒன்று என மூன்றை மட்டும் முதலில் கொடுங்கள். வந்த கோப்புகளை இரண்டு வேறு செயலிகளில், கணினியில் அல்லாமல் கைப்பேசியில், உங்கள் வழக்கமான மெய்ப்புத் திருத்துநரே அச்சு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். முடிந்தால் திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரிடம் உரிய ஊதியம் கொடுத்து ஓர் இயலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் குறித்துத் தரும் பிழைகளை அந்த நிறுவனம் எப்படித் திருத்துகிறது, எத்தனை முறை திருத்துகிறது என்பதைப் பார்த்த பிறகு மீதி நூல்களுக்கான விலையைப் பேசுங்கள்.